கொடிக்கம்பி தொய்ந்த நாள்

அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆட்களை எங்கே கூட்டிக்கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள் என்று ஜமால் மைதீனைக் கேட்டால் அவர் யோசிக்கவே மாட்டார். தண்ணீர் இருக்கிற இடத்துக்கு. அவ்வளவுதான். டூர் நடத்த ஆரம்பித்த புதிதில் அரண்மனை, மியூசியம், மான் பூங்கா எல்லாம் காட்டிப் பார்த்தார். வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாசலில் மூடாமல் விட்டிருந்த குழாயை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அணைக்கட்டின் முன்னால் நரிக்குடிக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கும்பிட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கேலிச் சிரிப்பு இல்லை அது. அவரும் அதே கரிசலில் பிறந்தவர், போர் போட்ட இடமெல்லாம் புழுதியும் உப்புத்தண்ணியும் பார்த்தவர்தானே.

ஆகவே ஜமாலின் வியாபாரம் மழை. நம் ஊரில் ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற அதே நாட்களில், மேற்கே மலைக்கு அந்தப்புறம் கொட்டித் தீர்க்கும். அந்த மழையைப் பார்க்க பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். திருச்சுழியில், நரிக்குடியில், மல்லாங்கிணற்றில் இதற்கு 'மழை டூரு' என்றே பெயர். குடை கொண்டுவரச் சொன்னால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். நனையப் போகிறவர்களுக்குக் குடை எதற்கு?

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் அவர் கல்ஃபில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இருந்தார். கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத கூடம். ஓட்டலுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்கள் படுத்த விரிப்புகள் எல்லாம் அவர் கைக்கு வந்துதான் ஆக வேண்டும். விரிப்பு குறைந்தால் ஆள் குறைகிறது. துவைக்காமலே மடித்து வைக்கச் சொன்னால் முதலாளிக்கு மூச்சு முட்டுகிறது. கொரோனா வந்த வருஷம், மேலே புது விருந்து மண்டபத்துக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே தள்ளுவண்டி பாதி காலியாக வந்துகொண்டிருந்தது. ஜமால் அந்த வண்டியைப் பார்த்தார், லீவு கேட்டார், கிளம்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் விமானம் எல்லாம் நின்றது. கூட இருந்தவர்கள் ஊர் வந்து சேர்வதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மனைவி ரஹ்மத் நிஷா அன்றிலிருந்து அவருக்கு வைத்த பெயர் 'பெட்ஷீட் ஜோசியர்'.

"ஜோசியம் பாக்குறது நம்மளுக்கு ஆகாது நிஷா," என்பார் ஜமால்.

"பாக்காதீக. துணியை மட்டும் பாருங்க. அதுவே போதும்," என்பாள் அவள்.

அதைத்தான் அவர் தொழிலாகவும் ஆக்கிக்கொண்டார். எந்த ஊருக்கு டூர் போட்டாலும், கிளம்புவதற்கு முன்னால் லாட்ஜ் மேனேஜரிடம் பேசிவிட்டு, அதன் பிறகு அங்கே துணி துவைக்கிறவரிடமும் பேசுவார். மேனேஜர்கள் கெட்டவர்கள் இல்லை. வாங்க, எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்வது அவர்கள் வேலை. துவைக்கிறவர்களுக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தம் கிடையாது. கடற்கரை ஊர் ஒன்றில் 'இனி ஆள் காலி பண்ணினாத்தான் விரிப்பு மாத்தணுமாம்' என்று சலவைக்காரர் முணுமுணுத்ததைக் கேட்டு, அங்கே தண்ணீர் தட்டுப்பாடு வரப்போகிறது என்று கண்டுபிடித்து வேறு ஊருக்குப் போனார். அடுத்த வாரம் அந்த ஊரில் குளிக்கவே தண்ணீர் இல்லை. இப்படி இரண்டொரு தடவை பலித்ததில் ஜமாலுக்குத் தன் காதுமேல் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. அதை மறைப்பானேன்.

மழை டூருக்கு அவர் வழக்கமாகத் தங்குகிற லாட்ஜ் ஒரு தேயிலை மலையூரில் இருந்தது. அங்கே துணி துவைக்கிறவள் அழகுத்தாய். அவளுடைய பாட்டனார் காலத்தில் திருச்சுழிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் என்றாலும் பேச்சு மட்டும் நம் ஊர்ப் பேச்சு. புருஷன் வெளியூரில் ஜீப் ஓட்டுகிறான். லாட்ஜுக்குப் பின்னால், மலைச்சரிவை ஒட்டிய ஒரு அறையில் சின்ன மகளோடு இருந்தாள். "துணி எப்படிம்மா?" என்று ஜமால் ஆரம்பித்தால் போதும், அழகுத்தாய் மூச்சு விடாமல் பேசுவாள்.

இந்த வருஷம் ஆடியில் டூருக்கு ஆள் சேர்த்தது சுப்பம்மாள். நரிக்குடியில் ஆடு வளர்க்கிறவள், மகளிர் குழுத் தலைவி. அம்பதைத் தாண்டியும் பஸ்ஸுக்கு ஓடிவந்து ஏறுகிற உடம்பு. புருஷன் போனபின் ஆடுகளைத் தனியாளாக மேய்த்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவள். மழை மேகம் தரையில் நடக்கிற ஊர் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. நாலு வருஷமாக ஏதாவது ஒரு தடங்கல். இந்தத் தடவை குழுவில் இருந்த அத்தனை பெண்களையும் கிளப்பிவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், ஜமால் அழகுத்தாயைக் கூப்பிட்டபோது சுப்பம்மாள் அவருடைய சின்ன ஆபீஸில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"துணி எப்படிம்மா?"

"அதை ஏண்ணே கேக்குறீக. கொஞ்ச நாளாவே வெயிலக் கண்ணால காணோம். ஒண்ணும் காயல. போதாக்குறைக்கு என் சலவைக் கொட்டகை மதில் ஓரத்துல புதுசா ஒரு ஊத்து வேற பொத்துக்கிட்டு வருது. செக்கச்செவேர்னு. வெள்ளைத் துணியெல்லாம் கறையாப் போச்சு."

"ஊத்தா? தானாவா வந்துச்சு?"

"தானாத்தான். யாரு போயித் தோண்டுனா?"

ஜமாலுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவருடைய மாமனார் நரிக்குடிச் சாலையில் இருந்த நிலத்தில் ஊற்றுக் கண் தேடியே காலத்தை ஓட்டி, கடைசிவரை காணாமல் கண்ணை மூடியவர். "கொடுத்து வச்ச ஊரும்மா அது," என்று மனசார வாழ்த்தினார். அழகுத்தாயோ, "என்னமோ போங்கண்ணே," என்று வைத்துவிட்டாள்.

சுப்பம்மாளிடம் சொன்னபோது அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யாரும் தோண்டாம ஊத்தா! செவப்பா வருதுன்னா அது புதுத்தண்ணி பாய். நம்ம கம்மாய்க்கு வர்ற மொதத் தண்ணியும் செவப்புத்தான?"

ஆமாம் என்று ஜமாலும் தலையாட்டினார். ஒரு விரிப்பு குறைந்தால் ஊரே காலியாகப் போகிறது என்று கண்டுபிடிக்கிற மனுஷர், மலை வாய்திறந்து சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். வானம் பார்த்த பூமிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் நல்ல சேதிதான். அதில் கெட்ட சேதி ஒன்று இருக்கும் என்பது அவர்கள் புத்தியில் ஏறவே ஏறாது.

டூர் நாள் வந்தது. பஸ் நரிக்குடியில் கிளம்பி, திருச்சுழியில் நின்று, அருப்புக்கோட்டையில் ஜமாலையும் ஏற்றிக்கொண்டது. சுப்பம்மாள் முதல் சீட்டில், மடியில் ஒரு பித்தளைச் சொம்போடு இருந்தாள். அந்த ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துவந்து வீட்டுக்கு வீடு தெளிக்கப் போகிறாளாம். குமாரலிங்கபுரம் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலையும் சூறைக்காற்றும்தான். உள்ளே குலவைச் சத்தம் கூரையைப் பிய்த்தது. டிரைவர் தங்கபாண்டி பாட்டுப் போட்டுப் பார்த்தான், எடுபடவில்லை. அணைத்துவிட்டான்.

மலையடிவாரத்து ஊரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். மேலே மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. சாரல் விழுந்தது. பெண்கள் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க மறந்து, உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஜமால் ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கி, இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவோம் என்று சொல்ல அழகுத்தாயைக் கூப்பிட்டார்.

அவளுக்கு மூச்சிரைத்தது. "வாங்கண்ணே, வாங்க. நான் காலையில இருந்து இந்தக் கொடிக்கம்பியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

"ஏம்மா?"

"தொய்ஞ்சு தொய்ஞ்சு போகுதுண்ணே. நேத்துச் சாயந்தரம் இழுத்துக் கட்டுனேன். காலையில பாத்தா விரிப்பெல்லாம் சகதியில கெடக்கு. மறுபடியும் இழுத்துக் கட்டுனேன். இந்தா, இப்ப மறுபடியும் தொங்குது."

"கயிறா, கம்பியா?"

"கம்பிண்ணே. முறுக்குக் கம்பி."

ஜமால் சின்ன வயதில், கல்ஃபுக்குப் போவதற்கு முன்னால், அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறை ஒன்றில் நூல் காயப்போடுகிற வேலை பார்த்தவர். கம்பி கட்டிக் கட்டிக் கை காய்த்துப்போனவர். கம்பி சும்மா தொய்யாது என்று அவருக்குத் தெரியும்.

"கம்பம் சாஞ்சிருக்கும் பாரு."

"பாத்தேண்ணே. ஒரு முனை கட்டடத்துச் சுவத்துல இருக்கு. மறுமுனை மலைப்பக்கம், மதில் ஓரத்துக் கம்பத்துல. கம்பம் சாயல. நட்டுக்க நேராத்தான் நிக்கிது."

"சாயாம நின்னா எப்படிம்மா தொய்யும்?" என்று கேட்டுவிட்டு ஜமால் அப்படியே நின்றார். கம்பம் சாயவில்லை. கம்பி நீளவில்லை. அப்படியென்றால் கம்பம் நடந்து வந்திருக்கிறது. அது நின்ற மண்ணோடு, மதிலோடு, மலையோடு சேர்ந்து கட்டடத்தைப் பார்த்து நகர்ந்து வந்திருக்கிறது. யாரும் தோண்டாமல், மலையின் மண்ணைக் கரைத்துக்கொண்டு பீறிட்ட அந்தச் சிவப்பு ஊற்று நினைவுக்கு வந்தது. கொடுத்து வச்ச ஊர் என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"அழகுத்தாய், புள்ள எங்க?"

"உள்ள தூங்குது. மழைன்னு பள்ளிக்கூடம் லீவு."

"துணியை அப்படியே போடு. புள்ளையைத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டி எதுத்தாப்புல சர்ச்சு மேட்டுக்குப் போ. பக்கத்து அறைக்காரங்களையும் கூப்பிட்டுக்கோ. மண்ணு நகருதும்மா."

"மேனேஜர் திட்டுவாகண்ணே..."

"திட்டட்டும். நான் பேசிக்கிறேன். நீ போ தாயி."

மேனேஜர் காசிராஜன் நல்ல பையன். ஜமால் கூப்பிட்டதும், "எல்லாம் ரெடி பாய், சுடுதண்ணி போட்டு வச்சிருக்கு," என்றான்.

"தம்பி, பின்னாடி கொட்டகைப் பக்கம் போய்ப் பாத்தீகளா?"

"இல்ல பாய். நான் முன்பக்கம்தான இருக்கேன். ஏன்?"

"போயி அந்தக் கொடிக்கம்பியை ஒரு தடவை பாருங்க. கம்பம் நேரா நிக்கிது, கம்பி தொங்குது. அதைக் கண்ணால பாத்துட்டு, வாங்கன்னு நீங்க சொன்னா நாங்க வாரோம்."

காசிராஜன் சரி என்று வைத்தான். திரும்பக் கூப்பிடவில்லை. ஜமால் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. தங்கபாண்டி வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். "அண்ணே, கார் எல்லாம் மேல போய்க்கிட்டுத்தான இருக்கு. நாம மட்டும் என்ன?"

கார்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஒருவேளை தான் தேவையில்லாமல் பயப்படுகிறோமோ என்று ஜமாலுக்கும் தோன்றாமல் இல்லை. அந்த பஸ்ஸில் வந்த பெண்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பின்பக்கத்து அறைகளைத்தான் அவர்களுக்காகச் சொல்லி வைத்திருந்தார், மலை நன்றாகத் தெரியும் என்று.

"வண்டி மேல போகாது," என்றார்.

சுப்பம்மாள் நம்பவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபத்தில் சொம்பை சீட்டில் எறிந்தாள்.

"என்ன பாய் சொல்றீக? மழைக்குப் பயந்து திரும்பிப் போன நரிக்குடிக்காரி எவளாவது உண்டா? ஊரு வாயால சிரிக்குமா? நாலு வருசமாக் காத்துக் கெடந்து வாரேன். கண்ணுக்கு முன்னாடி மலை நிக்கிது. எவளோ ஒருத்தி கம்பி தொய்ஞ்சுபோச்சுன்னா நான் வீட்டுக்குப் போகணுமா?"

"அக்கா, அந்த ஊத்தைக் கேட்டு நானும்தான் சந்தோசப்பட்டேன். நீங்களும்தான். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது பயம் வந்துச்சா? மழையைப் பாத்துப் பயப்பட நம்மளுக்குத் தெரியாதுக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடிவாரத்து ஊரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தைக் கேட்டுப் பிடித்துப் பெண்களை இறக்கினார்கள். மத்தியானம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. சாரல்கூட நின்றுவிட்டது. 'பெட்ஷீட் ஜோசியர்' என்று எப்படியோ தெரிந்துகொண்ட ஒருத்தி அதைச் சத்தமாகச் சொல்லிக் காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள். ஜமால் காதில் போட்டுக்கொள்ளாதவர்போல் மண்டப வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் நடக்காமலே போகட்டும், என் பெயர் கெட்டால் கெட்டுப் போகட்டும் என்றுதான் அவர் துஆ கேட்டுக்கொண்டிருந்தார். அது சத்தியம்.

பொழுது சாய்கிற நேரத்தில் காசிராஜன் கூப்பிட்டான். "பாய்," என்றான். அழுதான். பிறகு விட்டுவிட்டுச் சொன்னான். பின்பக்கத்து மலை வந்துவிட்டது. சலவைக் கொட்டகை இல்லை. வேலைக்காரர்கள் அறைகள் இல்லை. பின்பக்கத்து அறைகள் பாதிக்குமேல் மண்ணுக்குள். ஆனால் ஆள் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை, எல்லோரும் சர்ச்சு மேட்டில் இருக்கிறார்கள். அவன் ஓடிப்போய்க் கம்பியைப் பார்த்திருக்கிறான். பார்த்த கையோடு ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியே அனுப்பி, தீயணைப்புக்குச் சொல்லி, ரோட்டையும் மறிக்க வைத்திருக்கிறான்.

"உங்களைத் திரும்பக் கூப்பிட மறந்தே போயிட்டேன் பாய். மன்னிச்சுக்கோங்க."

"நல்லா இருங்க தம்பி. நல்லா இருங்க," என்றார் ஜமால்.

பின்னால் அழகுத்தாயின் குரல் கேட்டது. ஃபோனை வாங்கிக்கொண்டாள். மகள் பக்கத்தில் ஏதோ சிணுங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சிணுங்கலைக் கேட்ட பிறகுதான் ஜமாலுக்கு உயிர் வந்தது.

"நீ மட்டும் அந்தக் கம்பியைப் பத்திப் புலம்பலைன்னா நாங்க இந்நேரம் உள்ள இருந்திருப்போம் தாயி. நீதான் எங்களைக் காப்பாத்துன."

"நீங்க கேக்கலைன்னா நான் யார்ட்டண்ணே புலம்பியிருப்பேன்? துணி எப்படின்னு என்னைக் கேக்குற ஒரே ஆளு நீங்கதான். மறுபடியும் இழுத்துக் கட்டிட்டு, உள்ள புள்ளையோட படுத்திருப்பேன்."

ஜமால் மண்டபத்துத் தரையிலேயே, துண்டைக்கூட விரிக்காமல், நெற்றி பதிய ஸஜ்தா செய்தார். எழுந்தபோது பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் பேசியதை வைத்தே புரிந்துகொண்டிருந்தார்கள். கேலி செய்தவள் ஓவென்று அழுதாள். சுப்பம்மாளைக் காணோம்.

அவள் பஸ்ஸுக்குப் போயிருந்தாள். எறிந்த சொம்பை எடுத்து, மண்டபத்துக் குழாயில் கழுவி, நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். ஊற்றுத் தண்ணீருக்காகக் கொண்டுவந்த சொம்பு அது.

"குடிங்க பாய்," என்றாள். "மத்தியானம் பேசுனதை மனசுல வச்சுக்கிறாதீக."

"எதைப் பேசுனீக, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே," என்று சொல்லி வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். ஆடிக்காற்று அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் ரஹ்மத் நிஷா அவரைப் பெட்ஷீட் ஜோசியர் என்று கூப்பிடவில்லை, ஒரு வாரம்வரை. அதற்குப் பிறகு பழையபடி கூப்பிட ஆரம்பித்தாள். அதுவும் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அழகுத்தாய்க்கு மகளிர் குழுவிலிருந்து சேலை, துணிமணி, பாத்திரம் என்று ஒரு மூட்டையைத் தங்கபாண்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அவள் இப்போது அதே ஊரில், சமதரையில் இருக்கிற வேறொரு லாட்ஜில் துவைக்கிறாள். ஜமால் மட்டும் ஒரு பழக்கத்தைக் கூட்டிக்கொண்டார். மலையூரில் மழை என்று யார் சொன்னாலும், சந்தோஷப்படுவதற்கு முன்னால், அங்கே இருக்கிறவர்களுக்கு அது சந்தோஷமா என்று கேட்டுக்கொள்வார். பழக்கமில்லாத வேலை. கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஐப்பசியில் நரிக்குடிப் பக்கம் மழை இறங்கியது. சும்மா இல்லை, நல்ல மழை. அன்றைக்கு மத்தியானம் சுப்பம்மாள் கூப்பிட்டாள். அவள் பேசுவதைவிடத் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம்தான் ஃபோனில் அதிகமாகக் கேட்டது. ஆடுகள் கத்தின. தெருவில் பிள்ளைகள் கூச்சல்.

"பாய், கம்மாய்க்குத் தண்ணி வந்துருச்சு. செக்கச்செவேர்னு வருது."

"அல்ஹம்துலில்லாஹ். குளிரக் குளிர நனைங்கக்கா. குலவை போடலையா?"

"போடுவோம், போடுவோம். அது கெடக்கட்டும்." சுப்பம்மாள் மழைக்கு மேலாகக் குரலை உயர்த்தினாள். "அங்க மேல அந்தப் புள்ள அழகுத்தாய்க்குத் துணி காயுதான்னு கேட்டீகளா?"

"இன்னும் கேக்கலையேக்கா."

"மொதல்ல கேளுங்க பாய். கேட்டுச் சொல்லுங்க. நான் ஃபோனை வைக்காம இருக்கேன்."